எங்கள் ஊர்ச் சத்திரத்தின் பின்சுவரில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. அது எதற்கு? (பழைய சத்திரங்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வரவும்)

வரப்போரம்:

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊர் எல்லையில் பழைய சாலையை ஒட்டி ஒரு சத்திரம் இடிந்து கிடக்கிறது. முன்னால் ஏழு மரத்தூண்களோடு நீளத் திண்ணை, உள்ளே ஒரு முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு. கூரையில் பாதி விழுந்துவிட்டது. கிணறு மட்டும் நன்றாக இருக்கிறது.

என்னைக் குடைவது ஒரே ஒரு விஷயம்தான். சமையற்கட்டின் பின்சுவருக்கு வெளியே, தரையோடு தரையாக ஒரு கருங்கல் தொட்டி. ஆறு அடி நீளம் இருக்கும். அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு ஓட்டை, உள்ளங்கை நுழையும் அளவு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்கிறார்கள் ஊரில். ஆனால் மாட்டுத்தொட்டி கிணற்றடியில் தனியாகவே இருக்கிறது. அப்புறம் இது எதற்கு?

யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மராட்டிய ராஜா கட்டியது என்று மட்டும் சொல்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும் என்பதால் அதை நம்புவதா என்றும் தெரியவில்லை.

வடக்குவீதி:

ஐயா, உங்கள் சாலையை நினைத்தால் மராட்டியர் தொடர்பு இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, இராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று கடற்கரையைப் பிடித்துக்கொண்டு இராமேசுவரம் போகிற பாதை அது. காசியிலிருந்து வருகிறவர்கள்கூட அந்த வழியாக நடந்தார்கள். அந்த ஊர்களில் எல்லாம் அரசச் சத்திரங்கள் இருந்தன.

அவற்றில் பெரியது ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி, தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் கட்டியது. சாகும் தறுவாயில் அந்த அம்மாள் கேட்டது தன் பெயரில் ஒரு அன்னசத்திரம் வேண்டும் என்றுதான் என்பார்கள். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கட்டிடத்தின் ஒரு பகுதி குதிரையும் யானையும் இழுக்கிற தேர் போலவே அமைந்திருக்கும். ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். அது இன்னும் பழையது, பிரதாபசிம்மர் காலத்தது. அந்த ஊரும் யமுனாம்பாள்புரம் என்று அழைக்கப்பட்டது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை 1801-ல் சரபோஜியே எழுதி வைத்திருக்கிறார். 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு ராஜ்ஜிய நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. சத்திர நிலங்களும் போய்விடுமோ என்ற கவலையில், தஞ்சாவூரில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் அது. வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுக் கேட்பது. நோயாளிக்கு வைத்தியர், மருந்து, பத்தியச் சாப்பாடு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்பு, படிப்பு. பிள்ளைத்தாய்ச்சியாக வந்தவளுக்கு அங்கேயே பிரசவம், அதன்பிறகும் சில மாதம் பராமரிப்பு. வழியில் இறந்துபோனால் அவரவர் முறைப்படி இறுதிக்காரியம்.

நள்ளிரவு மணி எனக்கு மனதில் நின்றுவிட்டது. பசித்தவன் வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை, சத்திரமே அவனைத் தேடிக் கூப்பிடுகிறது.

சுண்ணாம்புக்கை:

வரப்போரம், படம் இருந்தால் போடுங்கள். நான் பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். அதற்குள் நீங்களே சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் கூரை. விழாத பக்கத்தில் நாட்டு ஓடா, சீமை ஓடா? சீமை ஓடு என்றால் அந்தக் கூரை 1865-க்குப் பிறகு மாற்றியது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம் அது. நம் பக்கத்துக்கு வந்துசேர இன்னும் கொஞ்சம் காலம் ஆகியிருக்கும்.

ஓடு இல்லாத மட்டத்தளம் என்றால் அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாக மரச்சட்டங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் கட்டைக்குத்தாக (விளிம்பு கீழே வர நிறுத்தி) சாய்த்து வைத்த வரிசை தெரிகிறதா? அது மெட்ராஸ் டெரஸ். அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். ஒழுங்காகச் செய்த தளம் நூறு வருடம் ஒழுகாது.

அடுத்தது சுவர். பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல்லின் தடிமனை அளந்து சொல்லுங்கள். இப்போதைய கல்லைவிடச் சப்பையாக இருந்தால் பழையது.

ஒரு வேண்டுகோள். யாராவது நல்ல எண்ணத்தில் சிமெண்ட் வைத்துப் பூச வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை மாவாக்கிவிடும். மழையால் விழுந்த சத்திரத்தைவிட இப்படிப் பூசி விழுந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மேற்குமேடு:

வடக்குவீதி ஐயா எழுதியதைப் படித்தேன். கடிதத்தில் உள்ளதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வரியை எல்லோரும் வேகமாகக் கடந்துபோகிறோம். சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசி என்று ஏன் தனியாக ஒரு ஏற்பாடு? யார் சமைத்தது, யார் கண் பட்டது என்று பார்க்கிறவர்களுக்காகத்தான். எல்லோருக்கும் சோறு என்பது உண்மையாக இருக்கலாம். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

பழைய சத்திரங்களின் அமைப்பிலேயே இது தெரியும். பல இடங்களில் இரண்டு சமையற்கட்டு, இரண்டு கூடம், இரண்டு வாசல். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சத்திரத்தில் என் தாத்தாவுக்கு வெளித்திண்ணைகூடக் கிடையாது, எதிரே மரத்தடிதான். சோறு அங்கே வரும். வந்தது என்பதையும் அவர் சொல்லுவார், எங்கே வந்தது என்பதையும் சொல்லுவார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வடக்குவீதி:

நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியபோது அந்த வரியை அப்படி யோசிக்கவில்லை. இனிமேல் அதைப் படிக்கும்போது உங்கள் தாத்தா நினைவுக்கு வருவார்.

இதன் தொடர்ச்சி ஒன்று உண்டு. 1920களில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் இந்தச் சத்திரங்களின் வருமானத்தை இன்னொரு திசைக்குத் திருப்பினார். சமஸ்கிருதம் மட்டும் கற்பித்த திருவையாறு அரசர் கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு வந்தது. கரந்தைத் தமிழ்ச்சங்கத்து உமாமகேசுவரனார் அதற்குத் துணைநின்றார். ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கு விடுதிகள் வந்தன. அங்கே தங்கிச் சாப்பிட்டுப் படித்து மேலே வந்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய. அதே அடுப்புதான், பந்தி மாறிவிட்டது.

தும்பளையான்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கம். எங்கட ஊரில் இதை மடம் என்றுதான் சொல்லுவோம். தும்பளை வீதியில் தெருமூடிமடம் என்று ஒன்று இருக்கிறது. பெயரிலேயே விஷயம் இருக்கு: தெருவையே மூடிக்கொண்டு நிற்கிற மடம். வீதி கட்டிடத்துக்கு நடுவாலே போகும். இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, கல்தூண்கள், மேலே ஒரே கூரை. வெயிலிலே நடந்து வாறவன் மடத்தைத் தேடிப் போகத் தேவையில்லை, அவன் போற வழியே மடத்துக்குள்ளாலேதான்.

முந்தி மடத்தோடு சேர்த்துக் கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் எல்லாம் கட்டுவினம். மனிசனுக்குத் திண்ணை, தலைச்சுமைக்குக் கல், மாட்டுக்கு முதுகு உரசக் கல். உங்கட தொட்டியும் அப்படி ஏதாவது உயிருக்காக வைத்ததாகத்தான் இருக்கும்.

வரப்போரம்:

எல்லோருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். முன்பக்கக் கூரை சீமை ஓடு. சமையற்கட்டு மட்டும் கட்டைக்குத்துத் தளம், சுண்ணாம்புக்கை அண்ணன் சொன்ன மாதிரியே. செங்கல் தடிமன் ஒன்றரை அங்குலம். சமையற்கட்டு முற்றத்தைவிடப் பெரியதாக இருக்கிறது. இதை நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை. படுக்க என்று தனி அறை ஒன்றுகூட இல்லை, எல்லாம் திண்ணையும் தாழ்வாரமும்தான்.

சுண்ணாம்புக்கை:

அதுதான் சத்திரம். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி திண்ணையில் படுக்கலாம், மழைக்குத் தாழ்வாரம் போதும். செலவு முழுக்க அடுப்படியில்தான். தளம்கூட அங்கேதான் நல்லதாகப் போட்டிருக்கிறார்கள், தீப்பொறிக்குப் பயந்து. உள்ளே தரையில் நீளப் பள்ளம் தெரிகிறதா பாருங்கள். கோட்டையடுப்பு (பெரிய அண்டாக்களை வைத்துச் சமைக்கும் நீள அடுப்பு) இருந்த தடம். அதோடு அந்த ஓட்டை உள்பக்கம் எந்த உயரத்தில் வருகிறது, அதன் எதிரே தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் சொல்கிறேன்.

அணையாவிளக்கு:

அடுப்பு என்றதும் வடலூர் நினைவு வந்தது. 1867 மே 23-ல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள், சுமார் 80 காணி. அரசர் மானியம் இல்லை, அரசியின் பெயர் இல்லை. சாதி கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாக வைத்த இடம். மேற்குமேடு எழுப்பிய கேள்விக்கு அந்தக் காலத்திலேயே ஒருவர் சொன்ன பதில் அது என்று நினைக்கிறேன்.

கொடிக்கம்பம்:

சென்னையிலும் ஒன்று உண்டு. ஹைதர் அலி படையெடுப்புக் காலத்துப் பஞ்சத்தில், 1782-ல், பட்டினத்துக்குள் ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் மணியக்காரர் 'மணேகார்' ஆகிவிட்டார். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆனது. வடசென்னையில் வயதானவர்கள் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாகச் சத்திரமும் தனியே தொடர்கிறது.

சுண்ணாம்புக்கை:

கொடிக்கம்பம் என் சந்தேகத்தைப் பாதி உடைத்துவிட்டார்.

பழையசாலை:

ஒரு விஷயம். சாலையில் போகும்போது பெயர்ப்பலகையைப் பாருங்கள். சுங்குவார்சத்திரம், பாலுச்செட்டிச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரக்குடி. மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது ராணி மங்கம்மாள் சத்திரம். பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்களே அதிகம்.

மிஞ்சாமல் போனதற்கு ரயிலும் ஒரு காரணம். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861-ல் ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கு நடக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. பத்து மைலுக்கு ஒரு திண்ணை தேவைப்பட்டவன் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டான்.

மேற்குமேடு:

ரயில் மட்டும் காரணம் இல்லை. நடப்பவன் குறைந்தான், பசித்தவன் குறையவில்லையே. நிலம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். சத்திரம் என்பது கட்டிடம் மட்டும் இல்லை. அதற்கு எழுதிவைத்த வயல்தான் வருடாவருடம் நெல் கொடுத்தது. வயல் இருக்கும்வரை கீற்றுக்கொட்டகையிலும் சோறு போடலாம். வயல் போனால் தேக்குத்தூண் என்ன செய்யும்?

வரப்போரம், உங்கள் சத்திரத்துக்கு நிலம் இருந்ததா என்று கண்டுபிடிக்கலாம். 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் ஒவ்வொரு ஊரிலும் மானிய நிலங்களை விசாரித்துப் பதிந்தது. இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் (Inam Fair Register) என்று கேளுங்கள். எந்தக் காரியத்துக்காக, யார் கொடுத்தது, எவ்வளவு நிலம், அப்போது யார் அனுபவித்தார் என்று ஒரே வரிசையில் இருக்கும். அதையும் ஊர்க் கணக்கில் உள்ள அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1963 சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறைய இடத்தில் பட்டா கைமாறிவிட்டது. அரசச் சத்திர நிலமாக இருந்தால் தஞ்சாவூரில் சத்திர நிர்வாகத்துக்கென்றே தனித் தாசில்தார் உண்டு, அங்கேயும் விசாரியுங்கள்.

வரப்போரம்:

மன்னிக்கவும், இரண்டு வாரம் ஆகிவிட்டது. இரண்டு செய்தி இருக்கிறது.

கணக்கு முதலில். அ-பதிவேட்டில் கட்டிடம் இருக்கிற இடம் மட்டும் சத்திரம் புறம்போக்கு என்று இருக்கிறது. வயல் எதுவும் சத்திரத்தின் பெயரில் இல்லை. ஆனால் ஆற்றுப் பாசனத்தில் ஒரு வாய்க்காலைச் சத்திரத்து வாய்க்கால் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். அது பாயும் வயல்கள் எல்லாம் இப்போது தனிப்பட்டா. சின்ன வயதிலிருந்து அந்த வாய்க்காலில் குளித்திருக்கிறேன், பெயரை ஒரு நாளும் யோசித்ததில்லை. இனாம் பதிவேட்டுக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

அடுத்து தொட்டி. சமையற்கட்டைக் கூட்டிப் பெருக்கினேன். கோட்டையடுப்புத் தடம் இருக்கிறது, நான்கு. அடுப்புக்கும் பின்சுவருக்கும் நடுவில் தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்வு முடியும் இடத்தில் கல்லில் வெட்டிய சின்ன வாய்க்கால், நேராக அந்த ஓட்டைக்குப் போகிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் வெளியே தொட்டிக்குள் போய் விழுந்தது.

சுண்ணாம்புக்கை:

அதேதான் நான் நினைத்தது. சோறு வடிக்கிற இடம் அது. பெரிய அண்டாவைச் சாய்த்தால் கஞ்சி தானாக ஓடி வெளியே தொட்டியில் சேரும். உள்ளே இருக்கிறவன் வெளியே வர வேண்டாம், வெளியே இருக்கிறவன் உள்ளே போக வேண்டாம். வேலை நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் எதற்காக இந்த நேர்த்தி என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மேற்குமேடு:

யாருக்கு அந்தக் கஞ்சி என்று ஊரில் கேட்டீர்களா? எங்கள் தெரு போன்ற தெரு உங்கள் ஊரிலும் இருக்குமே, அங்கே போய்க் கேளுங்கள்.

வரப்போரம்:

கேட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தத் தெருவில் போய்க் கேட்கத் தோன்றியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். எண்பது வயது தாண்டிய ஒரு ஆத்தா சொன்னார். அவருடைய அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, உச்சிப்பொழுதில் சத்திரத்தின் பின்பக்கம் மண்சட்டியோடு போய் நிற்பார்களாம். சட்டியால்தான் மொள்ள வேண்டும், தொட்டியைக் கையால் தொடக் கூடாது. சில நாள் கஞ்சியோடு பருக்கையும் நிறைய வருமாம். உள்ளே ஒரு சமையற்காரர் வேண்டுமென்றே இரண்டு அகப்பை சோற்றைச் சேர்த்துத் தள்ளிவிடுவாராம். அவர் முகத்தை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஓட்டை வழியாகக் கரண்டிச் சத்தம் இரண்டு முறை கேட்டால் இன்றைக்குச் சோறு உண்டு என்று தெரிந்துகொள்வார்களாம்.

ஆத்தாவை ஆட்டோவில் கூட்டிப்போய் சமையற்கட்டுக்குள் உட்கார வைத்தேன். அவர் அந்தச் சுவரின் உள்பக்கத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுக் கட்டிடத்தையும் அளந்து வரைபடம் போடப் போகிறேன். சுண்ணாம்புக்கை அண்ணன் வருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். மேற்குமேடு, உங்களால் வர முடியுமா? தஞ்சாவூர் வரை வந்துவிட்டால் நான் வண்டி எடுத்து வருகிறேன்.

மேற்குமேடு:

வருகிறேன். காலை 7 மணிக்கு தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.